டிங்கியில் வந்ததைக் கேளுங்கள்



பள்ளித் தேர்வுகள் முடியப்போகின்றன. அந்தமான் பயணம் பற்றி இந்த இதழில் எழுதப்போகிறோம் என்று அறிவித்ததுமே கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பவளப் பாறையைப் பற்றியும் கடலடி நடையைப் பற்றியும் கேட்டவர்கள் குறைவு. பலருக்கும் இருந்தது ஒரே கவலை: “ஹேவ்லாக் தீவில் கையைக் கடிக்காமல் எங்கே சாப்பிடுவது?” நம் ஆட்கள் எங்கே போனாலும் வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் பின்னால் போவார்கள். அதில் தவறும் இல்லை.

‘ஹேவ்லாக்கின் பத்துச் சிறந்த உணவகங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருக்கலாம். போடவில்லை. சீசனை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. டிசம்பரில் அடுப்படியில் நின்ற சமையல்காரர் ஜூனில் சொந்த ஊருக்குப் போயிருப்பார். பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கும். ஃபுல் மூன் கஃபே, சம்திங் டிஃபரன்ட், அஞ்சு கோகோ என்று பயணிகள் வாயில் அடிபடும் பெயர்கள் உண்டு. கடற்காற்றும் விளக்கலங்காரமும் சேர்ந்த ஒரு மாலைக்கு அவை பொருத்தம்தான். ஆனால் நான்கு நாள் தங்கும் குடும்பத்துக்கு வேளைக்கு வேளை அது கட்டுப்படியாகாது. கடைப் பெயரைவிட, எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதே அங்கே செலவைக் குறைக்கும்.

ஹேவ்லாக்குக்கு 2018 டிசம்பர் 30 முதல் அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப். அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் இரண்டு ஊர்களும் பழைய பெயரிலேயே ஓடுகின்றன. நானும் அப்படியே எழுதுகிறேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அங்கிருந்து ஹேவ்லாக் இன்னொரு நாற்பது கிலோமீட்டர். அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, எண்ணெய், கேஸ் சிலிண்டர் என்று அடுப்படிக்கு வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டு கடல் தூரங்களையும் தாண்டித்தான் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு தாண்டலுக்கும் ஏற்றுகூலி, இறக்குகூலி. மெனு கார்டில் பனீர் பட்டர் மசாலாவின் விலையைப் பார்த்து “கொள்ளையடிக்கிறான்” என்று முணுமுணுக்கும்முன், அந்தப் பனீர் எத்தனை நாள் ஐஸ் பெட்டியில் பயணம் செய்தது என்று யோசியுங்கள். பாவம், அதற்கும் களைப்பு இருக்கும்.

கப்பலுக்குக் காத்திராமல் தீவிலேயே கிடைப்பது மீன், நண்டு, தேங்காய், வாழை, கொஞ்சம் காய்கறி, கீரை. இவற்றை வைத்துச் சமைத்ததைக் கேட்டால் காசுக்கு மதிப்பு கிடைக்கும். பீட்சா, சைனீஸ், பஞ்சாபி, தந்தூரி என்று மெனு கார்டு நீண்டால் அந்தக் கடையில் ஃப்ரீசரும் பெரிதாகத்தான் இருக்கும். இரண்டு பக்க மெனு, சுவரில் சாக்பீஸால் எழுதிய இன்றைய மீன் என்று இருக்கும் கடையை நான் கூடுதலாக நம்புவேன்.

படகுத்துறையில் இறங்கி உள்ளே வந்தால் கோவிந்த நகர் பஜார். ‘நம்பர் 3’ என்றால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை 1950-களில் இந்தத் தீவில் குடியேற்றினார்கள். கோவிந்த நகர், விஜய நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்று ஊர்ப் பெயர்களிலேயே அவர்களுடைய வைணவ மணம் வீசும். அவர்கள் வழிவந்தவர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள்தான் பஜாரின் உயிர். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, கைகழுவ ஓரமாக ஒரு குழாய். மத்தியானம் ‘ஃபிஷ் தாலி’ என்று கேளுங்கள். குவித்த சோறு, நீர்த்த பருப்பு, ஒரு காய்க் கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல், எலுமிச்சைத் துண்டு; பக்கத்தில் கிண்ணத்தில், கடுகெண்ணெயில் பொரித்துக் கருஞ்சீரகம் தாளித்த குழம்பில் மிதக்கும் மீன். நம் புளிக்குழம்பின் கெட்டித்தன்மை இதில் இருக்காது. முதல் கவளத்தில் கடுகெண்ணெய் மூக்கில் ஏறும். மூன்றாவது கவளத்தில் பழகிவிடும். சோறும் பருப்பும் பெரும்பாலும் மறுபடி கேட்டால் போடுவார்கள்; மீன் ஒரு துண்டுதான், அதற்கு மேல் தனிக்காசு. உட்காரும்முன் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை ரிசார்ட்டில் ஒரு சூப்புக்குக் கொடுக்கும் காசில் இங்கே வயிறு நிறைந்துவிடும்.

இட்லி, தோசை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். வங்காளிக்கும் இந்திக்காரருக்கும் அடுத்த இடம் நமக்கு. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் காலையில் இட்லி நல்லதும்கூட. மற்றவர்கள் இவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போய் சாம்பாருக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

அதிகம் ஏமாற வாய்ப்புள்ள இடம் இரவு நேர மீன் மேஜை. ஐஸ் பரப்பி ரெட் ஸ்நாப்பர், வஞ்சிரம், சூரை, நண்டு, சிங்கி இறால் என்று அடுக்கியிருப்பார்கள். மெனுவில் விலை இருக்காது. ‘அன்றைய விலை’ என்றிருக்கும். நம் ஊர் மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத அம்மாக்கள், விடுமுறை மயக்கத்தில் “அந்தப் பெரிசு” என்று விரலைக் காட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பிவிடுகிறார்கள். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கிறதா, கண் உள்ளே குழியாமல் இருக்கிறதா என்று அங்கேயும் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லும் விலை கிலோவுக்கா, ஒரு தட்டுக்கா? எடை சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? சமைத்துத் தருவது அந்த விலைக்குள் அடங்குமா? இதைக் கேட்டு, தராசை உங்கள் கண்முன் வைக்கச் சொல்லி, மொத்தத் தொகையை வாயால் சொல்லவைத்துவிட்டு உட்காருங்கள். ‘பூண்டு வெண்ணெய்’ உலகத்தின் எல்லாக் கடற்கரையிலும் கிடைக்கும். அதே மீனைக் கடுகு அரைத்து வங்காள முறையில் செய்து தருவீர்களா என்று கேட்டுப்பாருங்கள்.

மே மாதம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கிழக்குக் கடற்கரையோடு அந்தமான் கடலையும் சேர்த்து, மீன்கள் இனம் பெருகுவதற்காக மத்திய அரசு அறிவிக்கும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நம் கோடை விடுமுறை அப்படியே அதற்குள் விழுகிறது. இயந்திரம் இல்லாத பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு உண்டு என்பதால் மீனே இருக்காது என்று பயப்பட வேண்டாம். கரையோரத்தில் சின்ன டிங்கிகள் கொண்டுவரும் மீன் அளவில் சிறியதாக இருந்தாலும் அதுதான் அன்றைய மீன். தடைக்காலத்தில் ஆளுயர வஞ்சிரத்தைக் காட்டி “காலையில் பிடித்தது” என்றால் ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடுங்கள். மே பாதிக்கு மேல் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். கடல் கொந்தளித்தால் படகுப் போக்குவரத்து நிற்கும். படகு நின்றால் காய்கறி வரத்தும் சுருங்கி, தக்காளி விலை ஏறும். அந்த நாட்களில் மெனுவில் பாதி “இல்லை” என்றால் பரிமாறும் பையனிடம் கத்தாதீர்கள்.

தட்டில் தெரியாத செலவு ஆட்டோ. ராதாநகர் கடற்கரை படகுத்துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல. 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து அந்தி வேளையில் அங்கே திருவிழாக் கூட்டம். தீவு நம்மைவிட வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் மட்டும் ஒன்றே என்பதால், டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறான். எட்டு மணி நமக்கு மாலை. அவர்களுக்கு நடுராத்திரிக்குப் பக்கம். மலிவான சாப்பாட்டைத் தேடி இருட்டில் தீவின் மறுகோடிக்கு ஆட்டோ பிடித்துப் போனால், மிச்சம் பிடித்தது வாடகையில் போய்விடும். தங்குமிடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இரவு உணவு, ஊர் சுற்றும் வழியில் மதிய உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பயண ஏஜென்ட் “காலை, இரவு உணவு சேர்த்து” என்று பேக்கேஜ் கொடுத்தால் காலை உணவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காசு கட்டிவிட்டோமே என்று நான்கு இரவும் அதே பஃபே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பில் வந்ததும் அதைப் படியுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். யூனியன் பிரதேசம் என்பதால் சிஜிஎஸ்டி 2.5, யூடிஜிஎஸ்டி 2.5 என்று பிரித்துப் போட்டிருக்கும். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். இரண்டாயிரம் ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஓரிடத்தில் 100 ரூபாய் வரி, இன்னோர் இடத்தில் 360. தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடை வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்திருக்கிறது. பேசிப் பார்த்தும் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். ஆனால் நன்றாகப் பரிமாறிய பையனின் கையில் நீங்களாகக் கொடுக்கும் ஐம்பது ரூபாயைச் சட்டம் தடுக்கவில்லை.

சென்னையிலிருந்து போடப்பட்ட கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் ஹேவ்லாக்கையும் தொட்ட பிறகு செல்போனில் பணம் கட்டுவது அங்கே எளிதாகிவிட்டது. இருந்தாலும் மழை நாளில் சிக்னல் காலை வாரும். சில்லறை நோட்டு கொஞ்சம் வைத்திருங்கள்.

போய் வந்தவர்கள் எழுதுங்கள். கடைப் பெயரோடு எந்த மாதம் போனீர்கள், என்ன மீன், கிலோ என்ன விலை சொன்னார்கள், தராசு யார் கண்முன்னால் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்து கிளம்பும் குடும்பத்துக்கு உதவும். பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. தொலைபேசி எண்களை மறைத்துவிட்டுப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்