மாசி மாத மலைப் பயணம்: சங்கத்தின் நிலைப்பாடு

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, கோடை விடுமுறைக் கூட்டம் கிளம்புவதற்கு முன்பு உள்ள வாரங்களில்தான் தமிழ்நாட்டு மலைகளில் ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும். தமிழ்ப் பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம்: விடியலில் பனி, நடுப்பகலில் சுள்ளென்ற வெயில். இந்த வாரங்களில் செங்கல்பட்டிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களிலிருந்தும் மலைக்குப் பயணம் ஏற்பாடு செய்யலாமா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. செய்யலாம் என்பதே இப்பயணங்களை நடத்தும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. ஆனால் பயணம் மலை ஊரோடு நிற்க வேண்டும், காட்டுக்குள் போகக் கூடாது. உதகைக்கு வண்டி ஏறுமுன் பக்கத்துக் குன்றுகளையும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

இந்த வாரங்களில் போகலாம் என்பதற்குக் காரணம் கூட்டம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கே வரம்பு விதிக்கப்பட்டது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. மே மாதத்தில் மலைச்சாலையில் வரிசையில் நிற்பதையே சுற்றுலா என்று சொல்ல வேண்டிய நிலை. அதே ஊரை மாசி மாதத்துப் புதன்கிழமையில் நிதானமாகச் சுற்றி வரலாம். தண்ணீருக்கும் சாலைக்கும் குப்பை அள்ளுவோருக்கும் சுமை குறையும்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால் உதகை அருகேயுள்ள தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில்தான் உறைபனி படியும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, ஒரு போர்வை இருந்தால் தாராளமாகப் போதும்.

கவலைப்பட வேண்டியது நெருப்பைப் பற்றி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. அதன்பின் உறைபனி பட்டுப் புல் கருகுகிறது, இலையுதிர் காடுகளில் சருகு குவிகிறது, பிப்ரவரி நடுவில் மலைச்சரிவு முழுவதும் விறகாகிவிடுகிறது. நெருப்புக்கு மேட்டைப் பிடித்து ஏறும் குணம் உண்டு. கீழிருந்து எழும் அனல் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சமதரையைவிடச் சரிவில் தீ வேகமாகப் பரவும். மேல்நோக்கி ஓடுபவரால் அதை முந்த முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நேர்ந்தது இதுதான். கொழுக்குமலைப் பாதையில் காய்ந்த புல்வெளியில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் சென்னையிலிருந்து கிளம்பிப் போனவர்களும் இருந்தார்கள். அழகான வாரம், அமைதியான பாதை என்று நம்பிப் போனவர்கள்தான் எல்லோரும். தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டமே தீப்பருவத்தில் பாதைகளை மூடுகிறது. வனத்துறை மூடியிருக்கும் காலத்தில் 'லோக்கல் கைடு ஒருவர் இருக்கிறார்' என்று அழைத்துப் போவதைச் சங்கம் ஏற்கவில்லை.

ஏறத்தான் வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்குத் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், பேருந்திலேயே போய்ச் சேரக்கூடிய மலை. வேதகிரீசுவரர் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். நாள்தோறும் உச்சிவேளையில் அர்ச்சகர் கையிலிருந்து சோறு தின்ன இரண்டு கழுகுகள் இறங்கி வந்த இடம் இது. பறவையியலார் அவற்றை மஞ்சள் முகப் பாறு என்பார்கள். 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு அவை வரவில்லை, ஊரின் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மலையிலுள்ள பல்லவர் காலக் குடைவரையான ஒருகல் மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மலை பார்க்க வந்தவர்கள் உளியைச் சும்மா வைத்திருக்கவில்லை. அவர்கள் கிறுக்கியது இன்று வரலாற்றுச் சான்றாகிவிட்டது. இன்று சாவியால் பெயர் கீறுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

மலைப் பிரதேசத்தையே பார்க்க விரும்புபவர்களுக்கு மாமல்லபுரத்தில் அது கல்லிலும் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும் புடைப்புச் சிற்பம் இமயத்துக் காட்சி. பாறையின் நடுவிலுள்ள பிளவுதான் கங்கை. ஆற்றோரம் ஒருவர் நனைத்த துணியை முறுக்கிப் பிழிகிறார். யானைகளின் பக்கத்தில் பின்னங்கால்களில் நின்று பூனை தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். சிற்பம் கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயிலில் ஒவ்வொரு உருவமும் துலங்கும். மதியம் போனால் பாதிதான் தெரியும்.

சுற்றுலாவுக்கு மந்தமான இந்த வாரங்கள் உள்ளூருக்கு மந்தமானவை அல்ல. மாசி மகப் பௌர்ணமிக்கு வடமாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, சேலைகளைக் கட்டிக் கூடாரமாக்கித் தங்குகின்றன. விடியலில் மணலில் படி அமைத்துப் பூ வைத்துக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். திருமணமும் மொட்டையும் காதுகுத்தும் அங்கேயே நடக்கின்றன. அது அவர்கள் வீட்டு விசேஷம். கேட்காமல் கேமராவை நீட்டிக் கூடாரத்துக்குள் தலைவிடுவது, கல்யாண வீட்டில் அழையா விருந்தாளி செய்யும் வேலை. அந்த நாட்களில் கடற்கரையின் அப்பகுதிக்குக் குழுப் பயணம் வேண்டாம் என்று சங்கம் கருதுகிறது.

இதே பருவத்தில் இரவில் இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. அதனால் இரவில் மணலில் டார்ச் அடித்து நடப்பதும் கூடாது.

இந்த நிலைப்பாட்டின்படி, சங்கத்தின் பயணங்களில் பிப்ரவரி 15 முதல் கோடை மழை பெய்யும் வரை காட்டு நடை இடம்பெறாது. நீலகிரி, கொடைக்கானல் பயணங்கள் திங்கள் முதல் வியாழன் வரை மட்டுமே. திருக்கழுக்குன்றம் ஏறுபவர்கள் காலை ஆறரைக்குள் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும்; பத்து மணிக்கு மேல் படிக்கல் வெறுங்காலைச் சுடும்.