பூட்டு மாட்டியவனே வெளியே நின்ற கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வேர்ட்பிரஸில் சொந்தத் தளம் வைத்திருப்பவர்களாவது பொறுமையாகப் படியுங்கள்.

என் மாணவர்கள் அவரவர் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வந்த விடுகதைகளையும் கதைகளையும் ஒன்பது வருடமாக என் தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். சொன்ன பாட்டிகளில் பலர் இன்று இல்லை. போன வாரம் வேர்ட்பிரஸையும், அது ஓடுகிற பிஎச்பியையும் ஒரே நாளில் அப்டேட் செய்தேன். மறுநாள் கடவுச்சொல்லைப் போட்டால் "கடுமையான பிழை" என்று வருகிறது. படிக்க வருகிறவர்களுக்குத் தளம் நன்றாகத் தெரிகிறது. எனக்குத்தான் உள்ளே போக வழியில்லை.

விவரம் தெரிந்த தம்பி ஒருவர், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் சார்" என்றார். இன்னொருவர், "இதுக்குத்தான் அப்டேட்டே பண்ணக் கூடாதுங்கறது" என்றார். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதலில் அழிக்கும் யோசனை. வேர்ட்பிரஸில் நம் எழுத்து தரவுத்தளத்தில் இருக்கிறது. பிளகின்கள் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. ஹோஸ்டிங் கணக்கின் ஃபைல் மேனேஜரில் டபிள்யூபி-கன்டென்ட், அதற்குள் பிளகின்ஸ் என்று போனால் ஒவ்வொரு பிளகினுக்கும் ஒரு கோப்புறை இருக்கும். லாகின் பாதுகாப்புக்கென்று நான் மாட்டியிருந்த பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றினேன். அதோடு அது செயலிழந்தது. பழைய கடவுச்சொல்லே உள்ளே விட்டது. ஒரு விடுகதைகூடப் போகவில்லை. எல்லாவற்றையும் அழித்து, தரவுத்தளமும் அதோடு போயிருந்தால்?

அடுத்து, அப்டேட் மேல் போடும் பழி. சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பிளகின் 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பழைய கட்டளையைக் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் கட்டளை வழக்கொழிந்தது என்று 2017-இல் வந்த பிஎச்பி 7.2-இலேயே எச்சரித்துவிட்டார்கள். 2020-இல் வந்த 8.0-இல் அடியோடு நீக்கிவிட்டார்கள். என் பிளகின் பல வருடமாகப் புதுப்பிக்கப்படாதது. புதிய வேர்ட்பிரஸ் பதிப்புகளில் சோதிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை அதன் பக்கத்திலேயே இருந்தது. இலவசமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்காதது நான்தான். அப்டேட் செய்யாமலே இருந்திருந்தால் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடந்திருக்கும்.

இன்னொரு தவறும் என்னுடையதுதான். 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், இப்படிப் பிளகினால் பிழை வந்தால் தள நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று வரும். எனக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் நான் கொடுத்திருந்தது, திறந்தே பார்க்காத பழைய முகவரி.

வகுப்பில் சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வேர்ட்பிரஸை ஒரு நாள், பிஎச்பியை இன்னொரு நாள் மாற்றியிருந்தால், எதனால் கோளாறு என்று உடனே பிடிபட்டிருக்கும்.

ஆகவே, அப்டேட் செய்யுங்கள். அதற்கு முன் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் பேக்கப் எடுத்து, சர்வரில் மட்டும் வைக்காமல் வீட்டுக் கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள். நிர்வாகி மின்னஞ்சல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று இதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். கோப்புறையின் பெயரை மாற்ற, எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.