களைக்கொல்லி நெஞ்சையும் தாக்கும்!

பத்துப் பேர் குனிந்து கொத்திய களையை இன்று முதுகில் டப்பா சுமந்த ஒரே ஆள் தீர்த்துவிடுகிறார். முதலாளிக்குக் கூலி மிச்சம். குடகுக் காப்பித் தோட்டங்களில் அந்த டப்பாவைச் சுமப்போரில் நம்மவர்களும் உண்டு. "புல்லுக்கு அடிக்கிற மருந்து, மனுசனை என்ன செய்யும்?" என்று மேஸ்திரி கேட்கிறார். என்ன செய்யும் என்பதை நாம் சொல்கிறோம்.

பாராகுவாட் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். இருதயத்தை அது விடாது என்பது தெரியாது. அதிக அளவு உள்ளே போனால் இரத்த அழுத்தம் சரிந்து, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இருதயம் ஓய்ந்துவிடும். குறைந்த அளவானாலும் சிறுநீரகம் பழுதாகும். அதனால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, நாடித் துடிப்பு தாறுமாறாகும். கிளைபோசேட்டைக் குடித்துவிட்டாலோ, அதில் கலந்துள்ள சோப்பு போன்ற பொருளும் சேர்ந்து இரத்த அழுத்தத்தை வீழ்த்தும், துடிப்பைக் குலைக்கும். இரண்டுக்கும் மாற்று மருந்து கிடையாது.

இப்படியிருக்க, ஆஸ்பத்திரியில் "பூச்சிமருந்து" என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது. சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும். இவற்றின் விஷத்தை அது முறிக்காது. பாராகுவாட் என்றால், அவசியமின்றிக் கொடுக்கும் ஆக்சிஜன்கூட நுரையீரல் சேதத்தைக் கூட்டும். எனவே டாக்டருக்குப் பெயர் தெரிய வேண்டும். டப்பாவை இறுக மூடி, பையில் கட்டி, கையோடு கொண்டுபோங்கள். ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.

அந்தப் பெயரை நம்மவர் எப்படிப் படிப்பது? 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி லேபிள் இந்தியிலும் ஆங்கிலத்திலும், விற்கும் பகுதியின் ஓரிரு மொழிகளிலும் இருக்க வேண்டும். குடகில் விற்பது கன்னடம் பேசும். தெளிப்பவர் தமிழர்! மஞ்சள் முக்கோணமும் சிவப்பில் 'விஷம்' என்ற சொல்லும் பாராகுவாட் டப்பாவில் உண்டு. அதன் பொருளை எந்த முதலாளி விளக்கினார்?

கேரளம் 2011-இல் பாராகுவாட்டைத் தடை செய்தது. இலங்கை 2008 முதல் 2011-க்குள் அதைப் படிப்படியாக நிறுத்தியது. விஷத்தால் நேரும் சாவுகள் அங்கே குறைந்தன. விவசாயம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை:

தெளிப்பவரின் தாய்மொழியில் எச்சரிக்கை எழுதி ஒட்ட வேண்டும்.

கையுறை, பூட்ஸ், ஒழுகாத டப்பா முதலாளி செலவில் தர வேண்டும். காயம்பட்ட தோல் வழியாகவும் பாராகுவாட் உள்ளே போகும்.

மருந்து பூட்டிய அறையில் இருக்க வேண்டும். சோடாப் புட்டியில் ஊற்றி லைன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. தாகத்தில் குழந்தையும், கோபத்தில் பெரியவரும் கை நீட்டும் இடம் அது.

பாராகுவாட்டை நாடெங்கும் தடை செய்ய வேண்டும்.

களை போகட்டும், அதற்கு விலையாக நம் நெஞ்சைத் தர முடியாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, தீர்மானம் போட்டு அனுப்புங்கள், தோழர்களே!