உழவர்கரை நகராட்சிக்குத் தேர்தல் நடத்தக் கோரும் மனு

உழவர்கரை, புதுச்சேரி
ஜூலை 2024

அனுப்புநர்:
கிளைச் செயலாளர் மற்றும் செயற்குழுவினர்,
கட்சியின் உழவர்கரை கிளை

பெறுநர்:
மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்கள், புதுச்சேரி

நகல்:
அரசுச் செயலர், உள்ளாட்சித் துறை
இயக்குநர், உள்ளாட்சித் துறை
ஆணையர், உழவர்கரை நகராட்சி

பொருள்: உழவர்கரை நகராட்சி மன்றத் தேர்தலைப் பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுடன் காலம் குறித்து நடத்துதல், தேர்தல் முடியும்வரை நகராட்சி நிர்வாகம் மக்களுக்கு நேரில் பதில் சொல்ல ஏற்பாடு செய்தல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் நகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2011 ஜூலையில் முடிந்தது. இந்த மாதத்தோடு 13 ஆண்டுகள் ஆகின்றன. இடையில் ஒரு கவுன்சிலரும் இல்லை, சேர்மனும் இல்லை. 2006 தேர்தலில் 18 வயதில் முதல் வாக்கைப் போட்டவருக்கு இன்று 36 வயது. அவருக்கு இளையவர்கள் ரெட்டியார்பாளையத்திலோ லாஸ்பேட்டையிலோ முத்திரையர்பாளையத்திலோ பிறந்து வளர்ந்து, வீட்டுவரி கட்டிக் குடும்பம் நடத்தினாலும், தங்கள் வார்டுக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்ததில்லை.

இதே மக்கள் மற்ற எல்லாத் தேர்தலிலும் வாக்களித்திருக்கிறார்கள். கொரோனா இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தது. இந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல் நடந்தது. சாவடி இருந்தது, இயந்திரம் இருந்தது, காவலர் இருந்தனர், வாக்காளர் பட்டியலும் இருந்தது. தெருவுக்கான தேர்தல் என்றால் மட்டும் ஏதாவது ஒன்று குறைந்துவிடுகிறது.

2021 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது எங்கள் கடமை. ஊரடங்கு தளர்ந்து, கடைகள் முழுநேரம் திறந்து, ஆட்கள் மீண்டும் திண்ணையில் உட்காரத் தொடங்கிய நேரம் அது. ஊரடங்கின்போது அடைக்கப்பட்ட தெருக்களுக்குப் பால், மருந்து, அரிசி கொண்டுபோன இளைஞர்களே எங்கள் கிளையின் புதிய உறுப்பினர்கள். எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் வேலை போய் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்கு வீடு வீடாகத் தெரியும். ஒரு வார்டு கவுன்சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் அதுதான். தேர்தல் வரும் என்ற பேச்சு எழுந்ததும் வார்டுக் குழு போட்டோம். பாகம் பாகமாக வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தோம். இறந்தவர் பெயர்களைக் கண்டோம், அவற்றில் பல அந்தக் கொடிய மே மாதத்தில் போனவர்களுடையவை. போட்டியிட விரும்பியவர்கள் கடன் வாங்கிக்கூட வீட்டுவரி பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்கி வைத்தார்கள். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு எது என்று தெரிந்ததும், அதுவரை கூட்டத்தில் பின்வரிசையில் மட்டுமே உட்கார்ந்த சுயஉதவிக் குழுப் பெண்கள் தாங்களாகவே முன்வந்தார்கள்.

செப்டம்பர் 22 அன்று ஆணையம் அட்டவணை அறிவித்தது. அக்டோபர் 21, 25, 28 என மூன்று கட்டம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதும் 1,149 பதவிகள். வார்டு ஒதுக்கீட்டில் குறை இருக்கிறது என்று வழக்கு வந்தது, அட்டவணை திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இருந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டு, அக்டோபர் 8 அன்று புதிய அட்டவணை வந்தது. நவம்பர் 2, 7, 13 என்றார்கள். அந்த நீக்கத்தை எதிர்த்து முழு அடைப்பு நடந்தது. மறுபடியும் உயர்நீதிமன்றம், மறுபடியும் நிறுத்தம். அன்று விண்ணப்பம் நிரப்பி வைத்த பெண்களில் சிலர் இன்று எங்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மன்றம் இல்லாததால் ஒரு பகுதியின் அன்றாடம் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மக்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலுக்குப் போகிறார்கள். பத்து லட்சத்துச் சொச்சம் வாக்காளர்களுக்கு 30 சட்டமன்ற உறுப்பினர்கள். ஒருவர் தலையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாய்க்கால், குப்பை, பிறப்புச் சான்று எல்லாம் விழுகின்றன. சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர் பொக்லைன் பின்னால் நிற்கிறார். அதே சமயம், தெருவில் நடக்கும் ஒவ்வொரு வேலையும் தன் கையால் நடந்ததாக இருப்பதில் ஓர் அரசியல் வசதியும் இருக்கிறது. எல்லாக் கட்சிகளுக்கும், எங்கள் கட்சிக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்: உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைப் பற்றி மேல்மட்டத்தில் வருத்தப்படுகிறவர்கள் குறைவு. ஆகவேதான் இந்த மனு மேல்மட்டத்திலிருந்து வராமல், ஒரு கிளையிலிருந்து வருகிறது.

ரெட்டியார்பாளையம் புதுநகரில் சென்ற மாதம் 11ஆம் தேதி நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். பாதாளச் சாக்கடையிலிருந்து கிளம்பிய நச்சு வாயு வீட்டுக் கழிப்பறை வழியாக உள்ளே வந்து, ஒரு மூதாட்டியும் அவர் மகளும் அடுத்த வீட்டுப் பள்ளி மாணவி ஒருத்தியும் உயிரிழந்தார்கள். யார் தவறு என்பதை விசாரணை சொல்லட்டும். எங்கள் கேள்வி வேறு. கழிப்பறையில் நாற்றம் வழக்கத்தை மீறி அடிக்கிறது என்றால், புதுநகர்ப் பெண் ஒருத்தி காலையில் யாரிடம் போய்ச் சொல்வாள்? புதுச்சேரியில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித் துறையிடம் இருக்கின்றன. குப்பையும் தெருவிளக்கும் நகராட்சியிடம். எது யாருடையது என்று அதிகாரிகளுக்குத் தெரியும். மக்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வார்டில் கவுன்சிலர் இருந்தால் அவள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவாள். எந்தத் துறை என்று தேடுவது அவர் வேலை. மன்றக் கூட்டத்தில் பொறியாளரை நிறுத்தி அவர் கேட்பார், கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த மூவரும் பிழைத்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் இடம் இருந்திருக்கும் என்கிறோம்.

பூமியான்பேட்டையிலும் ஜவகர் நகரிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவதும், குரும்பாபேட்டைக் குப்பைக் கிடங்கின் புகையும் நாற்றமும் சுற்றுப்புறத்தை வாட்டுவதும் தங்களுக்குப் புதிதல்ல. விரித்து எழுதவில்லை.

எல்லைக்கு அப்பால் பார்த்தால் வேதனை கூடுகிறது. மாஹேவைச் சூழ்ந்திருக்கும் கேரளம், கொரோனா காலத்திலேயே, 2020 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலை மூன்று கட்டமாக நடத்தி முடித்தது. ஏனாமைச் சூழ்ந்த ஆந்திரத்தில் 2021 பிப்ரவரியில் ஊராட்சிகளுக்கும் மார்ச்சில் நகராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகள் நெடுங்காலம் மன்றமில்லாமல் கிடந்து, 2022 பிப்ரவரி 19 அன்று வாக்களித்தன. எங்கள் கருவடிக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம், கோட்டக்குப்பம். அது நகராட்சியாகத் தரம் உயர்ந்ததே 2021இல்தான். அடுத்த ஆண்டே அங்கே மன்றம் வந்துவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் 1880ஆம் ஆண்டு ஆணையின்படி கொம்யூனாகி, மேரும் (மேயர்) மன்றமும் கண்ட உழவர்கரைக்கு இன்று மன்றம் இல்லை.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இந்த மண் இந்தியாவோடு இணைய வேண்டுமா என்று வாக்கெடுத்தபோது, வாக்களித்த 178 பேர் பிரதிநிதிகள் சபையினரும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும்தான். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அதாவது, நாங்கள் இந்தியாவோடு இணைந்ததே கவுன்சிலர்களின் வாக்கால். அப்படிப்பட்ட பிரதேசத்தில் 1968க்குப் பிறகு 38 ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. 2006இல் நீதிமன்றத்தின் வலியுறுத்தலுக்குப் பின் ஒருமுறை நடந்தது. பிறகு மீண்டும் இந்த 13 ஆண்டுகள்.

அரசமைப்புச் சட்டத்தின் 243யு பிரிவு நகராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் என்கிறது. ஒன்றியப் பிரதேசங்களுக்கும் இது பொருந்தும். கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம், வார்டு வரையறை போன்ற காரணங்களைக் காட்டி இந்தக் காலக்கெடுவை மீறக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உழவர்கரைக்கென்று இன்னொரு கடமையும் உண்டு. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகராட்சியில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்பது 243எஸ் பிரிவு. 2011 கணக்கெடுப்பிலேயே உழவர்கரை மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதுச்சேரி நகராட்சியைவிடப் பெரியது. மன்றமே இல்லாத இடத்தில் வார்டு குழு எப்படி வரும்?

இட ஒதுக்கீடு பற்றி எங்கள் நிலையை மறைக்க விரும்பவில்லை. மீனவர், நெசவாளர், கைவினைஞர் எனப் பிற்படுத்தப்பட்ட மக்கள் மிகுந்த பகுதி இது. 2016இல்தான் இருளர் சமூகம் புதுச்சேரியில் பட்டியல் பழங்குடியாக ஏற்கப்பட்டது. அதன்பின் வரவிருந்த முதல் உள்ளாட்சித் தேர்தலிலேயே அவர்களுக்கான இடம் அடிக்கப்பட்டது. அதை ஒருபோதும் ஏற்க மாட்டோம். 2021 மார்ச்சில் விகாஸ் கிஷன்ராவ் கவாலி வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்த மூன்று நிபந்தனைகள் நியாயமானவையே: தனி ஆணையம் வைத்து உள்ளாட்சிவாரியாகப் பின்தங்கிய நிலையை ஆராய வேண்டும்; அதன்படி ஒதுக்கீட்டின் அளவை நிர்ணயிக்க வேண்டும்; மொத்தம் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இதற்காகப் புதுச்சேரியில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.கே. சசிதரன் தலைமையில் ஒருநபர் ஆணையமும் அமைக்கப்பட்டது. ஆனால் 2022 மே 10 அன்று, மத்தியப் பிரதேச வழக்கில், இந்தப் பணி முடியவில்லை என்பதற்காகத் தேர்தலையே நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் அதே உச்சநீதிமன்றம் சொன்னது. எங்கள் அச்சம் இங்கேதான். பிற்படுத்தப்பட்டோர் கணக்கெடுப்பு இழுத்துக்கொண்டே போனால், ஒருநாள் நீதிமன்றம் பொறுமை இழந்து, பிற்படுத்தப்பட்டோருக்கு இடமில்லாத தேர்தலை நடத்தச் சொல்லும். அப்போது தாமதித்தவர்களுக்கு இழப்பு இல்லை. இழப்பு எங்கள் தெருவுக்குத்தான். கணக்கெடுப்பை விரைந்து முடிப்பது ஒன்றே இதற்கு வழி. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து கொண்ட சிறிய பிரதேசத்துக்கு அது இயலாத வேலை அல்ல.

ஆகவே தங்களிடமும் நகல் பெறும் அதிகாரிகளிடமும் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, பிற்படுத்தப்பட்டோர் குறித்த ஆய்வு எந்தக் கட்டத்தில் உள்ளது, எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். அந்தத் தேதியிலிருந்து வார்டு ஒதுக்கீடு, ஆட்சேபம் கேட்டல், வாக்காளர் பட்டியல், அறிவிக்கை ஆகிய ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்த அட்டவணையை ஆணையம் இப்போதே அறிவிக்க வேண்டும். அரசிடமிருந்து தரவு வரவில்லை என்றால், வரவில்லை என்பதை ஆணையமே நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, வார்டு ஒதுக்கீட்டு வரைவைத் தமிழில் அச்சிட்டு, வரைபடத்துடன், ஒவ்வொரு வார்டிலும் அரசுப் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும். 2021இல் முதல் அட்டவணை வழக்கில் சிக்கியது ஒதுக்கீட்டுக் குறையால்தான். ஆட்சேபங்களை முன்கூட்டியே கேட்டுத் தீர்த்துவிட்டால் அறிவிக்கைக்குப் பிறகு நீதிமன்றம் போக வேண்டியிராது. ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மாதமாவது தரப்பட வேண்டும்.

மூன்றாவதாக, தேர்தல் முடியும்வரை உழவர்கரை நகராட்சி ஆணையர் மாதம் ஒருமுறை, பகுதி மாற்றி, பொதுமக்களை நேரில் சந்திக்க வேண்டும். பொதுப்பணித் துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டப் பொறியாளரும் மின்துறைப் பொறியாளரும் அதே மேசையில் இருக்க வேண்டும். வந்த குறைகளும் அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையும் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். முதல் கூட்டத்தைப் புதுநகரில் நடத்துங்கள். இது மன்றத்துக்கு மாற்று ஆகாது என்பதை அறிந்தே கேட்கிறோம்.

நகராட்சியின் ஆண்டு வரவு செலவு, வார்டுவாரியாக, மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தேர்தல் முடிந்து மன்றம் அமைந்தவுடன் 243எஸ் பிரிவின்படி வார்டு குழுக்கள் அமைய, தேவையான விதிகளை உள்ளாட்சித் துறை இப்போதே தயாரித்து வைக்க வேண்டும்.

எங்கள் கிளை தன் பங்குக்கு வார்டுதோறும் இறந்தவர், இடம்பெயர்ந்தவர், விடுபட்டவர் பெயர்களைச் சரிபார்த்த பட்டியலை உரிய படிவங்களில் நிரப்பி, இம்மனுவுடன் இணைத்துள்ளது. ஆணையம் எந்த நாள் அழைத்தாலும் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிளைச் செயலாளர்,
செயற்குழு உறுப்பினர்கள்,
மற்றும் கையொப்பமிட்ட உழவர்கரை வாக்காளர்கள்

இணைப்பு: வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவங்கள், வார்டுவாரிக் கையொப்பத் தாள்கள்