காவற்காரனை மாற்றினால் கச்சேரி இனிக்குமா?

வீட்டில் ஆம்ப்ளிபயர் வைத்துப் பாட்டுக் கேட்கும் ரசிகர்களிடையே ஒரு மோகம் பரவியிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சாதாரண பியூஸை எடுத்துவிட்டு, வெள்ளிக் கம்பியும் தங்கப் பூச்சும் கொண்ட 'உயர்ரக' பியூஸைப் போட்டால் பாட்டு தேனாய் இனிக்குமாம்! சாதாரணக் கண்ணாடி பியூஸ் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. உயர்ரகத்திலோ சில பத்தாயிரம் ரூபாயையும் தாண்டுகின்றன. இந்தச் செலவு வீண் என்பதே என் அபிப்பிராயம்.

நாகூர், 'இசைமுரசு' ஈ.எம்.ஹனிபாவின் (1925–2015) கணீர்க் குரலால் பெயர் பெற்ற ஊர். அந்தக் குரலை உள்ளது உள்ளபடி வீட்டில் கேட்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் ஆசையை யாரும் காசாக்கிவிடக் கூடாதல்லவா?

பியூஸ் என்பது என்ன? ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் அது சூடேறி உருகி, ஓட்டத்தை நிறுத்திவிடும். அது வாசலில் நிற்கும் காவற்காரன். மேடையில் பாடும் வித்துவான் அல்ல.

மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆறு, வாய்க்கால், மடை எல்லாம் கடந்து நம் வயலுக்கு வருகிறது. கடைசி மடையில் ஒரு சாண் வெள்ளிக் குழாய் வைத்தால் நெல்லின் ருசி மாறிவிடுமா? மின்சாரமும் அப்படித்தான். மைல் கணக்கில் அலுமினியக் கம்பியில் ஓடி வந்து, வீட்டு ஒயரிங்கைக் கடந்து, கடைசியில் இந்த 20 மில்லிமீட்டர் பியூஸுக்குள் நுழைகிறது. அதன் பிறகும், அதை நேர் மின்சாரமாக மாற்றிச் சீராக்கும் பாகங்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. பாட்டைப் பெருக்கும் வேலை அதற்கும் அப்பால் நடக்கிறது.

சில பியூஸ்களில் அம்புக்குறி வேறு! அந்தத் திசையில் மாட்டினால்தான் நாதம் சுகப்படுமாம். நம் வீட்டு மின்சாரமோ விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. அம்பு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

"என் காதால் கேட்டேனே!" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பணம் கொடுத்தவன் மனம் இனிமையைத் தேடும். தவிரவும், கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் பியூஸ் பிடிப்புகளில் களிம்பு ஏறும். கழற்றி மாட்டும்போது அது உரசிப் போய்விடும். கோளாறு ஏதாவது தீர்ந்திருந்தால் புகழ் களிம்பு நீங்கியதற்கே சேர வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு துடைத்தாலே போதும்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். எந்த பியூஸ் என்று சொல்லாமல் மெக்கானிக் 10 தடவை போடட்டும். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் பத்தும் சரியாவதற்கு 1,024-ல் ஒரு வாய்ப்புத்தான்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியிலேயே பியூஸ் இருந்தால், அது சூடேறி ஆறும்போது ஒலியில் சிறு பிசகு உண்டாகலாம். கருவி வைத்து அளக்கவும் முடியும். ஆனால் அதற்குப் பரிகாரம் பெட்டியின் அமைப்பில்தான் உண்டு. தங்கப் பூச்சில் இல்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அடிக்கடி பியூஸ் போகிறதே என்று 1 ஆம்பியர் இருந்த இடத்தில் 5 ஆம்பியர் போடுகிறவர்கள் உண்டு. தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறவர்களும் உண்டு. போக வேண்டிய நேரத்தில் பியூஸ் போகாவிட்டால், வீடே போய்விடும்! பெட்டியில் குறித்திருக்கும் அதே அளவும் அதே வகையும் கொண்ட, தரச் சோதனை பெற்ற பியூஸையே போடுங்கள்.

மிச்சப்படும் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம். செலவே இல்லாத வழியும் இருக்கிறது: ஸ்பீக்கரை மூலையிலிருந்து சற்று முன்னே நகர்த்துங்கள், வெறும் சுவர் எதிரொலித்தால் கனத்த திரை தொங்கவிடுங்கள். அந்த மாறுதலை வீட்டுக் குழந்தையும் கேட்டுச் சொல்லும்.