தோமா செய்ததில் என்ன தப்பு?



யாராவது ஒரு விஷயத்தை உடனே நம்பவில்லை என்றால், "சரியான சந்தேகத் தோமாடா நீ!" என்று கேலி செய்வோம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமா. அன்று பிடித்த கெட்ட பெயர், இரண்டாயிரம் வருஷமாக அவரை விடவில்லை!

இயந்திரவியல் படிக்கிற நான் கேட்கிறேன்: அவர் செய்ததில் என்ன தப்பு? மெட்ராலஜி லேபில் நமக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? பக்கத்து பெஞ்சுக்காரன் சொன்ன ரீடிங்கை எழுதாதே, வெர்னியரை நீயே பிடித்து அளந்து பார் என்றுதானே? தோமாவும் அதைத்தான் கேட்டார். அதற்காக இயேசு அவரை வெளியே அனுப்பவில்லை. எட்டு நாள் கழித்து வந்து காயத்தையே காட்டினார்.

தோமா கோழையும் இல்லை. யூதேயாவுக்குப் போனால் கல்லெறிந்து கொல்வார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, நாமும் கூடப் போய்ச் சாவோம் என்று சொன்னவர் அவர். கி.பி. 52-ல் இந்தியாவுக்கு வந்து, 72-ல் சென்னைப் பரங்கிமலையில் உயிர் விட்டார் என்பது மரபு. கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் ஏறினால் நாம் அரை நாளில் போய்த் திரும்பிவிடக்கூடிய இடம். கேள்வி கேட்ட மனுஷன்தான் அவ்வளவு தூரம் வந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதை நான் வேதபாடத்துக்காக எழுதவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்க அப்பா சிப்காட்டில் ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் கூலி. போன வருஷம் மெஷினில் மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. கான்ட்ராக்டர் நோட்டில் அவர் பெயர் உண்டு, இ.எஸ்.ஐ. அட்டை மட்டும் கிடையாது. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஒருவர், "விசுவாசம் குறைஞ்சா இப்படித்தான் சோதனை வரும்"னு சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அண்ணனோ ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகிறவர் அவர். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தினமும் அப்பாவைத் தன் டிவிஎஸ்ஸில் ஏற்றிப் போய் வந்தார். நல்ல சமாரியன் கதையை எனக்கு நடத்திக் காட்டியவர் அவர்தான்.

கடவுள் இருக்கிறாரா, இருந்தால் ஏன் பார்த்துக்கொண்டு இருந்தார் என்று ராத்திரியெல்லாம் கேட்டிருக்கிறேன். பதில் வந்தது என்று இங்கே பொய் எழுத மாட்டேன்.

பதில் வராதது எனக்கு மட்டுமா? அன்னை தெரசா 1997-ல் இறந்தார். பத்து வருஷம் கழித்து, 2007-ல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தன. உலகமே ஆடிப்போனது! ஏறக்குறைய 50 வருஷம் கடவுள் தன் பக்கத்தில் இருப்பதையே உணர முடியாமல், உள்ளே ஒரே இருட்டாக இருந்ததென்று அதில் எழுதியிருந்தார். 1979-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் அதே இருட்டுதான். ஆனால் கல்கத்தாத் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கும் வேலையை ஒரு நாளும் அவர் நிறுத்தவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் 2016-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

அப்படியானால் விசுவாசம் என்பது என்ன? சந்தேகமே வராத மனசு அல்ல. சந்தேகம் வந்த பிறகும் செய்ய வேண்டியதைச் செய்வது என்பதே என் கருத்து.

முதலாவது, கஷ்டத்தில் இருக்கிறவனிடம் "உனக்கு விசுவாசம் பத்தலை" என்று சொல்வதை நிறுத்துவோம். யோபுவின் நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள். கடைசியில் கடவுளின் கோபம், கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல, அந்த நண்பர்கள் மேல்தான் வந்தது!

இரண்டாவது, ஜெபமும் வேண்டும், இ.எஸ்.ஐ. அட்டையும் வேண்டும். இ.எஸ்.ஐ. சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதில் உரிமை உண்டு. அதைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. இயேசுவே தச்சுப் பட்டறையில் உழைத்தவர். மே 1-ஆம் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக 1955-ல் அறிவித்தார் போப் பன்னிரண்டாம் பத்திநாதர்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். நாளைக்கு நம்மில் பலர் இதே சிப்காட்டில் சூப்பர்வைசர் ஆவோம். புரொடக்‌ஷன் ஏறணும், மெஷின் கார்டைக் கழட்டிடு என்று மேலே இருந்து சொல்வார்கள். அளக்காமலே ஓ.கே. போடு என்பார்கள். அட்டை இல்லாத ஆளை உள்ளே விடு என்பார்கள். நம்முடைய விசுவாசத்துக்கு வைவா எக்ஸாம் அங்கேதான்! ஞாயிற்றுக்கிழமை எத்தனை பாட்டுப் பாடினோம் என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. நம் ஷிப்டில் எத்தனை பேர் பத்து விரலோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் கேள்வி.

வேறு மதத்து நண்பர்களே, கடவுளே இல்லை என்கிற நண்பர்களே, இந்தப் பரீட்சை உங்களுக்கும் உண்டு, பாடத்திட்டம் ஒன்றுதான். தோமாவைப் போலக் கேட்போம், தொட்டுப் பார்ப்போம். பதில் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு மட்டும் இருக்க வேண்டாம்!

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்