அந்தக் குண்டுப் பையனை எடு மாப்ளே!

இன்டர்னல்ஸ் முடிஞ்ச ராத்திரி ரூம்மேட் லேப்டாப்புல ஒரு கேமைத் திறந்தான். 'பேக்யார்ட் பேஸ்பால்'. 1997-ல அமெரிக்காவுல ஹியூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் கம்பெனி விட்டது. 2024 அக்டோபர்ல ஸ்டீம்ல திரும்ப வந்துச்சு. என்னைவிட வயசுல பெரிய கேம் பாஸ்!

பேஸ்பால்னா தலை சுத்துமேன்னு ஓடாதீங்க. மவுஸ் மட்டும் போதும். ஓங்கி அடிக்கணுமா, நேரா அடிக்கணுமா, லேசாத் தட்டி வைக்கணுமா... க்ளிக் பண்ணா முடிஞ்சது. மூணு பந்தைக் கோட்டை விட்டா அவுட், மூணு பேர் அவுட்டானா எதிர் டீம் ஆடும். அவ்ளோதான் கிரிக்கெட் தெரிஞ்சவனுக்குப் பாடம். (கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு மட்டும்: கம்பெனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ரான் கில்பர்ட். அட்வெஞ்சர் கேமுக்காக அவர் 80-கள்ல எழுதின 'ஸ்கம்' இன்ஜின்லதான் இந்தப் பசங்களும் ஓடுறாங்க.)

விஷயம் ஆட்டத்துல இல்லை, ஆள் எடுக்கிறதுல இருக்கு. தெருப் பசங்க மொத்தம் 30 பேர். பெண் பிள்ளைகளும் உண்டு. நீங்க ஒண்ணு, கம்ப்யூட்டர் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஒன்பது பேரை எடுக்கணும். நம்ம தெருவுல 'எனக்கு இவன், உனக்கு அவன்'னு பிரிப்போமே, அச்சு அசல் அதேதான். ஹெட்ஃபோனைக் கழற்றாத அக்மத் கான், வீல்சேர்ல வர்ற கென்னி கவாகுச்சி, காத்தா ஓடுற பீட் வீலர் (புத்தி மட்டும் கொஞ்சம் மெதுவா ஓடும்), பந்தைப் பொளந்து கட்டுற கீஷா பிலிப்ஸ்.

நான் என்ன பண்ணேன்? உயரமா, ஸ்டைலா இருந்த பசங்களா எடுத்தேன். ஓரத்துல குட்டையா, தொப்பையோட ஒருத்தன். பேர் பாப்லோ சான்செஸ். இங்கிலீஷ் பேச மாட்டான், ஸ்பானிஷ்தான். "அவனை எடு மாப்ளே"ன்னான் ரூம்மேட். சிரிச்சேன். கம்ப்யூட்டர் லபக்குனு தூக்கிருச்சு. அப்புறம் என்ன, பாப்லோ அடிச்ச பந்தெல்லாம் வேலியைத் தாண்டிப் போச்சு. அந்த கேம்லயே பெரிய கில்லாடி அவன்தானாம்! 2000-ல வந்த அடுத்த பதிப்புல கென் கிரிஃபி ஜூனியர், டெரக் ஜீட்டர்னு நிஜ ஸ்டார்களையே சின்னப் பசங்களா மாத்தி இறக்கினாங்க. அப்பவும் பாப்லோ மவுசு குறையலை.

அன்னிக்குத் தூக்கம் வரலை. தோத்ததுக்காக இல்லை. போன மாசம் டிபார்ட்மென்ட் கிரிக்கெட் டீம் செலக்‌ஷன். எடுத்தது அடியேன். ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன், சோடாபுட்டிக் கண்ணாடி, தோள்ல பை, மூணு நாள் விடாம வந்து நின்னான். "என்ன தெரியும்?"னுகூடக் கேட்கலை. நோட்டைக் கையில கொடுத்து, "ஸ்கோர் எழுதுடா தம்பி"ன்னுட்டேன். எழுதினான். முத்து முத்தா எழுதினான். நாலாவது நாள் வரலை.

நேத்து மெஸ்ல பிடிச்சு, "சாயங்காலம் கிரவுண்டுக்கு வா, பவுலிங் போடு"ன்னேன். தட்டைப் பார்த்துக்கிட்டே, "லேப் ரெக்கார்டு எழுதணும்ணா"ன்னான். நானே எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். என் கையெழுத்தை இன்னும் அவன் பார்க்கலை!